இலவச சேனலுக்கு 153 ரூபாய் 40 காசு

தூர்தர்ஷன் இலவச சேனல். வரிப்பணத்தில் நடப்பது, பார்ப்பதற்குத் தனியாகக் காசு கிடையாது. நாம் எல்லோரும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் வாலிநோக்கத்தில் ஒருவர் கேபிள்காரரிடம் போய், "எனக்கு சன் டிவி வேண்டாம், விஜய் டிவி வேண்டாம், அரசாங்க சேனல் மட்டும் போதும்" என்று சொன்னாலும் மாதம் 153 ரூபாய் 40 காசு வரை கேட்கலாம் என்ற ஏற்பாடு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த புதிய கட்டண முறை அது. முதல் 100 சேனலுக்கு இணைப்புக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 23 ரூபாய் 40 காசு. தூர்தர்ஷன் சேனல்களும் அந்த நூறுக்குள்தான் அடக்கம். சேனலுக்கு விலை இல்லை, அது வந்து சேரும் கம்பிக்குத்தான் விலை.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான், இலவச டிவி, காசு டிவி என்று நாம் பிரித்துப் பேசுவது சரியான பிரிவுதானா என்ற கேள்வி எனக்கு வந்தது. சென்னையில் உட்கார்ந்து யோசித்தால் இது பெரிய கேள்வியாகத் தெரியாது. அங்கே 150 ரூபாய் இரண்டு காபி, ஒரு வடைக்குக் காணாது. வாலிநோக்கம் மாதிரி ஊரில் வைத்துப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும்.

தெரியாதவர்களுக்கு: வாலிநோக்கம் ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலாடி வட்டத்தில் உள்ள கடற்கரை ஊர். மன்னார் வளைகுடாவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. மீன்பிடியும் உப்பும்தான் பிழைப்பு. தமிழ்நாடு உப்புக் கழகத்தின் மாரியூர் வாலிநோக்கம் உப்பளம் இங்கேதான். ஒரு காலத்தில் பழைய கப்பல்களைக் கரையேற்றி உடைக்கும் வேலையும் நடந்தது. அந்தப் பக்கம் எனக்குப் போக்குவரத்து உண்டு. போகும்போதெல்லாம் டிவியைப் பற்றிப் பேச்சுக் கொடுப்பேன். அதற்கு முதல் காரணம், மூன்று திசையிலிருந்து அலை வந்த ஊர் இது என்பதுதான். இலவச டிவி என்றால் என்ன என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அந்த மூன்று திசைக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பழைய ஆண்டெனா டிவிக்கு அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். பூமி உருண்டை என்பதால் ஒரு தொலைவுக்கு மேல் கோபுரம் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அலை எட்டும் தொலைவு கிலோமீட்டரில் வரும். பார்க்கிறவர் வீட்டு ஆண்டெனாவுக்கும் இதே கணக்கைப் போட்டுக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ராமேஸ்வரத்தில் தூர்தர்ஷன் கட்டிய கோபுரம் 323 மீட்டர். இந்தியாவிலேயே உயரமான டிவி கோபுரம் அது. பாம்பன் பாலத்தில் ரயிலில் போகும்போது பார்த்திருப்பீர்கள். 323க்கு வர்க்கமூலம் 18 என்று வைத்துக்கொண்டால் 74 கிலோமீட்டர். வாலிநோக்கத்தில் 10 மீட்டர் குழாயில் ஆண்டெனா கட்டினால் இன்னொரு 13 கிலோமீட்டர். ஆக 87. வாலிநோக்கத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் நேர்கோட்டில் 70 கிலோமீட்டருக்குச் சற்று மேல். எட்டும், ஆனால் ஓரத்தில்தான். குழாயைக் கட்டாமல் ஜன்னலில் சொருகினால் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும்.

இரண்டாவது கொடைக்கானல். அங்கே மலைமேல் இருந்த தூர்தர்ஷன் ஒளிபரப்பு நிலையம்தான் தென் மாவட்டங்களுக்கு வெகுநாள் பால் வார்த்தது. மலை 2000 மீட்டருக்கு மேல். கணக்குப் போட்டால் 184 கிலோமீட்டர், வீட்டு ஆண்டெனாவின் 13ஐச் சேர்த்தால் 197. வாலிநோக்கம் சுமார் 175 கிலோமீட்டர். அதுவும் எட்டும்.

மூன்றாவதுதான் சுவாரஸ்யம். இலங்கையின் ரூபவாஹினி. 1982 பிப்ரவரி 15 அன்று தொடங்கியது. அதன் முக்கியமான ஒளிபரப்பி பிதுருதலாகல மலையில், இலங்கையின் மிக உயரமான சிகரம், 2524 மீட்டர். நம் கணக்குப்படி 207 கிலோமீட்டர் எட்ட வேண்டும். வாலிநோக்கம் 330 கிலோமீட்டருக்கு அப்பால். எட்டவே கூடாது. ஆனாலும் ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையில் 'சிலோன் டிவி' பார்த்து வளர்ந்த தலைமுறை ஒன்று இருக்கிறது. எப்படி? கடல்மேல் ஈரமான குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே காய்ந்த வெப்பக் காற்றும் அடுக்காக நிற்கும் நாட்களில், அலை மேலே தப்பிப்போகாமல் அந்த அடுக்கில் முட்டி வளைந்து, கடலை ஒட்டியே வழுக்கிக்கொண்டு வரும். கோடை இரவுகளில் படம் கண்ணாடி மாதிரி இருக்கும், மறுநாள் ஒன்றுமே இருக்காது. ஒரு பெரியவர் என்னிடம் சொன்னது: "காத்து அடங்குனா சிலோன் தெரியும் தம்பி. காத்து எந்திரிச்சா மெட்ராஸுந் தெரியாது, சிலோனுந் தெரியாது." இயற்பியல் புத்தகத்தில் இரண்டு பக்கம் எழுதியிருப்பதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இப்போது காசுக் கணக்கைக் கவனியுங்கள். ரூபவாஹினியை நிறுவப் பணமும் கருவிகளும் கொடுத்தது ஜப்பான் அரசு, நன்கொடையாக. நடத்தியது இலங்கை அரசு. உட்கார்ந்து பார்த்தது ராமநாதபுரத்துக்காரர். ஜப்பான்காரர் கட்டிய வரியில் நம்மாட்கள் படம் பார்த்திருக்கிறார்கள்! அலையாக வரும் டிவியின் குணமே இதுதான். ஒருவர் கூடுதலாகப் பார்ப்பதால் யாருக்கும் ஒரு பைசா கூடுதல் செலவு இல்லை. யாரையும் பார்க்காதே என்று தடுக்கவும் முடியாது. பொருளாதாரத்தில் கலங்கரை விளக்கத்தைத்தான் இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். விளக்கு வெளிச்சத்துக்கு மீட்டர் போட்டு வசூலிக்க முடியாது, ஆகவே அரசுதான் கட்ட வேண்டும் என்பது வாதம்.

கேபிள் வந்ததும் மாறியது இந்தக் குணம்தான். கம்பியைத் துண்டிக்கலாம். பெட்டியைப் பூட்டலாம். தடுக்க முடிகிற எதற்கும் விலை வைக்கலாம். நிகழ்ச்சி நல்லதா கெட்டதா என்பதெல்லாம் பிறகு.

இதனால் முன்பு அரசு டிவி அப்படியே தர்மமாகக் கிடைத்தது என்று சொல்லவில்லை. ரேடியோவுக்கும் டிவிக்கும் நம் நாட்டில் லைசென்ஸ் இருந்தது. தபால் ஆபீசில் போய்ப் பணம் கட்டி, புத்தகத்தில் முத்திரை வாங்கி வர வேண்டும். வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 1980களின் நடுவில் அதை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து தூர்தர்ஷன் நடப்பது அரசு மானியத்திலும் விளம்பரத்திலும்தான். இங்கிலாந்தில் அந்த முறையை இன்னும் விடவில்லை. பி.பி.சி.க்காக ஒவ்வொரு டிவி வீடும் ஆண்டுதோறும் கட்டணம் கட்டுகிறது, 2025 ஏப்ரலில் அது 174.50 பவுண்டாக இருந்தது. கட்டாவிட்டால் வழக்கு. அங்கே அது சண்டைக்குரிய விஷயம்தான், ஆனாலும் ஒரு விளைவு உண்டு. நான் காசு கொடுக்கிறேன், எனக்குப் பதில் சொல் என்று பார்க்கிறவன் கேட்கலாம். நம் ஊரில் தூர்தர்ஷனிடம் அப்படிக் கேட்கும் பழக்கமே வரவில்லை. கொடுக்கிறது யாரோ, வாங்கிக்கொள்கிறது யாரோ.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியபோது வேறு போட்டி கிடையாது. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை படம், வயலும் வாழ்வும். 1987இல் ராமாயணம் வந்தபோது இந்தி தெரியாமலேயே பார்த்தார்கள். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் தூர்தர்ஷனை யாரும் தோற்கடிக்கவில்லை, சும்மா திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். நாள் முழுக்கத் தமிழிலேயே பேசும் ஒரு சேனல் வந்தால், மாலையில் கொஞ்ச நேரம் தமிழும் மீதி நேரம் டெல்லியும் என்று ஓடிக்கொண்டிருந்த சேனலை யார் பார்ப்பார்கள்?

1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை பற்றிய வழக்கு அது. அலைவரிசை பொதுச்சொத்து, அது அரசின் ஏகபோகமும் அல்ல, தனியார் ஏகபோகமும் ஆகக் கூடாது, மக்கள் நலனுக்காக ஒரு பொது அதிகார அமைப்பு அதை ஒழுங்குபடுத்த வேண்டும் என்பது சாரம். அதே ஆண்டு கேபிள் டிவி சட்டமும் வந்தது. அதன் 8ஆவது பிரிவு, கேபிள்காரர் தூர்தர்ஷன் சேனல்களைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்கிறது. காட்ட வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறதே தவிர, காசு வாங்காமல் காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. தலைப்பில் உள்ள 153 ரூபாய் 40 காசு இந்த இடைவெளியில்தான் முளைத்தது.

தமிழ்நாட்டில் நடுவில் இன்னொரு கதை நடந்தது. வேறு மாநிலத்தில் இல்லாத கதை. 2006 செப்டம்பர் 15 முதல் அரசு வீட்டுக்கு வீடு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி கொடுத்தது. ஒரு கோடிக்கு மேல் கொடுத்தார்கள். வாலிநோக்கத்திலும் வந்தது. பெட்டி இலவசம். அதில் தெரியும் படத்துக்குக் கேபிள்காரரிடம் போக வேண்டும். அந்தக் காலத்தில் கேபிள்காரர் சொன்னதுதான் விலை, ரசீது என்ற பேச்சே கிடையாது.

அடுத்து அரசு கேபிள். அரசு கேபிள் டிவி கழகம் 2007 அக்டோபரில் பதிவானது, கொஞ்ச நாளில் படுத்துக்கொண்டது. 2011 செப்டம்பர் 2 அன்று மாதம் 70 ரூபாய் என்று மறுபடி எழுப்பினார்கள். 70 ரூபாய்க்குக் கேபிள் என்பது சாதாரண விஷயமில்லை. கிராமத்தில் அதன் தாக்கம் பெரிது. மாநில அரசு ஒளிபரப்புத் தொழிலில் இறங்கக் கூடாது என்று டிராய் பரிந்துரைத்திருந்தது, டிஜிட்டல் உரிமமும் 2017 ஏப்ரல் வரை இழுத்துக்கொண்டே போனது. டிராய் சொன்ன காரணத்தில் நியாயம் உண்டு. ஆளுங்கட்சி கையில் கம்பி இருந்தால், பிடிக்காத செய்திச் சேனல் திடீரென்று 'தொழில்நுட்பக் கோளாறு' ஆகிவிடலாம் என்ற பயம் கற்பனை அல்ல. ஆனால் 70 ரூபாயைப் பார்த்தவருக்கு இந்த வாதம் எடுபடாது.

நான் கவனித்தது என்னவென்றால், நம் மாநில அரசுகள் பெட்டிக்குச் செலவழித்தன, கம்பிக்குச் செலவழித்தன. அதில் என்ன ஓட வேண்டும் என்பதற்கு ஏறக்குறைய செலவழிக்கவே இல்லை. பொதுப்பணம் முழுக்கத் தனியார் சேனல்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டிக்கூலியாகப் போனது. ஒரே ஒரு விதிவிலக்கு கல்வித் தொலைக்காட்சி. 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கியது, அரசு கேபிளில் 200ஆம் எண். கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் அதில்தான் ஓடியது. நல்ல யோசனை, நல்ல நேரத்தில் கைகொடுத்தது. ஆனால் அதைப் பார்க்கவும் கேபிள் உயிரோடு இருக்க வேண்டுமே.

உயிரோடு இருப்பது என்பதுதான் வாலிநோக்கத்தில் பிரச்சினை. உப்பு வேலை வருஷம் முழுக்க இல்லை. வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் அளத்தில் தண்ணீர் நின்றுவிடும், வேலை நின்றுவிடும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கையில் காசு புழங்காது. அரசே இதை ஒப்புக்கொண்டு உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்திருக்கிறது. அந்த மாதங்களில் வீட்டில் முதலில் வெட்டுப்படும் செலவு எது? அளத்தில் வேலை பார்க்கும் ஒரு அக்கா சொன்னார்: "அரிசிய நிறுத்த முடியுமா? போனு ரீசார்ஜ நிறுத்துனா ஆளு கூப்புட்டாக்கூட தெரியாது. டிவிதான் நிக்கும். பெட்டி பாட்டுக்கு கெடக்கும், மேல துணிய போட்டு மூடிருவோம்."

கேபிள் பெட்டி பூட்டினால் சன் டிவி மட்டும் போவதில்லை. கட்டாயம் காட்ட வேண்டிய தூர்தர்ஷனும் சேர்ந்து போகிறது. கல்வித் தொலைக்காட்சியும் போகிறது. இது எந்த மாதத்தில் நடக்கிறது? புயல் மாதத்தில். கஜா வந்தது நவம்பர் 2018, ஒக்கி 2017 நவம்பர் கடைசி, தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர். இந்தக் கரைக்கு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான் கண்டம். ஆகக் கையில் காசு இல்லாத அதே மூன்று மாதம்தான், அரசு சொல்வதைக் கேட்க வேண்டிய மூன்று மாதம்.

"இப்பதான் எச்சரிக்கை செல்போனுக்கே வருதே" என்பீர்கள். வருகிறது, நல்லதுதான். ஒக்கியில் கடலுக்குள் போய்விட்டவர்களுக்கு டிவியால் என்ன பயன் இருந்திருக்கும் என்றும் கேட்கலாம். ஒன்றும் இல்லை. ஆழ்கடலுக்கு டிவி எட்டாது, செல்போனும் எட்டாது. அதற்கு வேறு கருவி வேண்டும். ஆனால் கரையில் இருக்கிற குடும்பத்துக்கு இரண்டு வரிக் குறுஞ்செய்தி போதாது. புயல் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்த ஊருக்கு எத்தனாம் எண் கூண்டு, பள்ளிக்கூடம் உண்டா, எங்கே போய்த் தங்குவது என்று படம் போட்டுத் தமிழில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அதைத் தனியார் செய்திச் சேனல்கள் செய்கின்றன. பின்னணியில் பேய்ப்பட இசையோடு செய்கின்றன என்றாலும் செய்கின்றன. பெட்டி பூட்டியிருக்கும் வீட்டுக்கு அதுவும் கிடையாது.

பழைய ஆண்டெனா இருந்தால் தெரியுமே என்றால், அந்த வழியையும் மூடியாயிற்று. தூர்தர்ஷன் தன் பழைய அனலாக் ஒளிபரப்பிகளை, முக்கியமான இடங்களில் உள்ள சுமார் 50 தவிர, 2022 மார்ச்சுக்குள் நிறுத்துவதாக அறிவித்து நிறுத்தியது. பார்ப்பவர் இல்லை, மின்சாரமும் ஆளும் வீண் என்பது காரணம். காரணம் பொய்யில்லை. இங்கிலாந்தும் அனலாக்கை நிறுத்தியது. ஆனால் அதற்குப் பத்து வருஷம் முன்பே, 2002இல், ஃப்ரீவியூ என்று அதே ஆண்டெனாவில் டிஜிட்டலாகப் பல சேனல்களை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். தனியார் சேனலான ஐ.டி.வி.யும் அதில் வரும். மாதக் கட்டணம் இல்லை. நாம் டிஜிட்டல் ஆண்டெனா ஒளிபரப்பைச் சென்னை மாதிரி சில பெரு நகரங்களில் 2016இல் தொடங்கினோம், அதோடு நின்றது. கேபிளுக்குப் பஞ்சமே இல்லாத நகரத்தில் கொண்டுபோய் ஆண்டெனா டிவி!

மிச்சம் இருப்பது டிஷ். இங்கேதான் உண்மையிலேயே இலவசமான ஒன்று இருக்கிறது, நம் ஊரில் பாதிப்பேருக்குப் பெயரே தெரியாது. 2004 டிசம்பர் 16 அன்று டிடி டைரக்ட் பிளஸ் என்று தொடங்கி, பிறகு டிடி ஃப்ரீ டிஷ் ஆனது. சுனாமிக்குப் பத்து நாள் முன்பு. ஒரு தடவை டிஷ்ஷும் பெட்டியும் வாங்கினால் முடிந்தது. மாதாமாதம் ஒரு பைசா கிடையாது. ரீசார்ஜ் என்ற சொல்லே அதில் இல்லை. நாடு முழுக்க 4 கோடி வீடுகளுக்கு மேல் இருக்கும் என்று துறையில் மதிப்பிடுகிறார்கள். உத்தரப் பிரதேசம், பீகார், மத்தியப் பிரதேசம் பக்கம் போனால் ஓலை வீட்டுக் கூரையிலும் அந்த டிஷ் இருக்கும்.

தமிழ்நாட்டில் ஏன் இல்லை? சோம்பேறித்தனமோ, டெல்லி எதிர்ப்போ அல்ல. இந்த ஏலத்தைப் புரிந்துகொண்டால் விடை கிடைக்கும்.

ஃப்ரீ டிஷ்ஷில் தூர்தர்ஷன் சேனல்கள் போக மீதி இடங்களைப் பிரசார் பாரதி இணையவழி ஏலம் விடுகிறது. தனியார் சேனல்கள் கோடிக்கணக்கில் கொடுத்து ஆண்டுக்கு இடம் பிடிக்கின்றன. பார்ப்பவரிடம் காசு வாங்கக் கூடாது, விளம்பரத்தில்தான் எடுக்க வேண்டும். இந்திக்கு இது கட்டுப்படியாகிறது. ஒரு இடத்துக்குப் பணம் கட்டினால் பத்து மாநிலம் பார்க்கும். தமிழ் சேனலுக்கு? அதே செயற்கைக்கோள், அதே மாதிரி ஒரு இடம், பார்ப்பது ஒரு மாநிலம், அதிலும் டிஷ் வைத்திருப்பவர் கொஞ்சம். அதோடு, அரசு கேபிளும் தனியார் கேபிளும் கிராமம் வரை போயிருக்கும் மாநிலத்தில், மாதம் ஒரு சேனலுக்கு 19 ரூபாய் வரை வசூல் வந்துகொண்டிருக்கும்போது, அதே சேனலை ஃப்ரீ டிஷ்ஷில் சும்மா கொடுப்பது தன் கடைக்கு முன்னாலேயே தண்ணீர்ப்பந்தல் வைத்த கதை. ஆகத் தமிழ் சேனல்கள் வரவில்லை. சேனல் இல்லாததால் மக்கள் டிஷ் வாங்கவில்லை. மக்கள் வாங்காததால் சேனல்கள் வரவில்லை.

இந்திக்காரர்களும் இதே கணக்கைப் போட்டுத்தான் நடக்கிறார்கள். புதிய கட்டண முறை வந்த கையோடு 2019 மார்ச்சில் பெரிய நிறுவனங்கள் தங்கள் இலவச இந்தி சேனல்களை ஃப்ரீ டிஷ்ஷிலிருந்து எடுத்துவிட்டன. காசு கட்டும் வாடிக்கையாளர் குறைந்துவிடுவார் என்ற பயம். அந்த இடைவெளியில் அங்கேயே இருந்த டங்கல் என்ற சின்ன சேனல் நாட்டின் முதல் இடத்துக்குப் போய்விட்டது. 2020இல் எல்லோரும் அடித்துப்பிடித்துத் திரும்பி வந்தார்கள், 2022 ஏப்ரலில் மறுபடி வெளியே போனார்கள். இலவசத்தில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர்களுக்கே அப்போதுதான் தெரிந்தது.

இதில் பொதுச் சேவை எங்கே இருக்கிறது என்று தேடினால் கொஞ்சம் சிரமம். ஏலத்தில் அதிகம் கேட்பவருக்கு இடம் என்றால் கடைசியில் இந்தி சீரியலுக்கும் பழைய படத்துக்கும்தான் இடம். பிரசார் பாரதிக்கு வருமானம் வருகிறது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பொதுப்பணத்தில் ஏவிய செயற்கைக்கோளில் தமிழுக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் சேனல் என்றால், அந்தக் குறையைச் சந்தை தானாகச் சரிசெய்யாது. ஏலத்துக்கு வெளியே, ஒவ்வொரு பெரிய மொழிக்கும் இத்தனை இடம் என்று ஒதுக்கினால்தான் நடக்கும்.

இதைச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. 2023 ஜனவரியில் மத்திய அரசு 'பைண்ட்' என்று ஒரு திட்டத்துக்கு 2539.61 கோடி ரூபாய் ஒப்புதல் கொடுத்தது. வானொலி, தூர்தர்ஷன் கட்டமைப்பைப் புதுப்பிக்க. அதில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ஃப்ரீ டிஷ் பெட்டிகளை எல்லைப்புறம், பழங்குடிப் பகுதி, 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' ஆகியவற்றில் இலவசமாகக் கொடுப்பதும் உண்டு. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருப்பவை இரண்டே மாவட்டம். விருதுநகர் ஒன்று, ராமநாதபுரம் ஒன்று. போதாததற்கு நாம் எல்லைப்புறமும்கூட. ஆக, காகிதத்தில் பார்த்தால் வாலிநோக்கம் அந்தப் பெட்டிக்கு முழுத் தகுதியுள்ள ஊர். பெட்டி கொடுப்பது சுலபம், 2006இலேயே பார்த்துவிட்டோம். திறந்தால் தமிழில் என்ன இருக்கும் என்பதுதான் கேள்வி. டிடி தமிழ் இருக்கும். பொதிகை என்று நமக்குப் பழகிய சேனல்தான், 2024 ஜனவரியில் பெயர் மாற்றிப் புதுப்பித்தார்கள். படம் தெளிவாக இருக்கிறது, அரங்கம் பளபளப்பாக இருக்கிறது. ராமநாதபுரம் கடற்கரையில் ஒருவர் அதைத் தேடிப்போய்ப் பார்க்க ஒரு காரணம் இன்னும் கொடுக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். மழைக்கால மூன்று மாதம் மாலை ஆறு மணிக்கு, குளச்சலிலிருந்து பழவேற்காடு வரை கரை வாரியாகக் கடல் நிலவரம் என்று அரை மணி நேரம் ஒதுக்கினாலே போதும், இந்தக் கரை முழுக்க அந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளும். தனியார் சேனல் அதைச் செய்யாது. விளம்பரம் வராது.

கம்பிப் பக்கமும் ஒரு சின்ன மாற்றம் போதும். கேபிள் பெட்டி பணம் கட்டாமல் பூட்டிக்கொண்டாலும் கட்டாய சேனல்கள் மட்டும் திறந்தே இருக்க வேண்டும் என்று விதி போடலாம். பெட்டிக்கு இது பெரிய வேலை இல்லை, எந்தச் சேனல் திறக்கும், எது பூட்டும் என்பது மென்பொருளில் இருப்பதுதானே. கேபிள்காரருக்கு நஷ்டமில்லையா என்றால், கொஞ்சம் உண்டு. கம்பியைப் பராமரிப்பவர் அவர், காற்றில் அறுந்தால் கம்பத்தில் ஏறுபவர் அவர். அந்த மூன்று மாதத்துக்கு அவருக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் போகிற திசை வேறாக இருக்கிறது. 2024 ஜூலையில் அந்த 130 ரூபாய் உச்சவரம்பையும் டிராய் எடுத்துவிட்டது. இப்போது இணைப்புக் கட்டணம் நிறுவனங்களின் விருப்பம். போட்டி இருக்கிற நகரத்தில் அது குறையலாம். ஒரே கேபிள்காரர் இருக்கிற ஊரில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கிரிக்கெட்டைச் சொல்லாமல் விட்டால் வாலிநோக்கம் பையன்கள் கோபித்துக்கொள்வார்கள். 2007இல் ஒரு சட்டம் வந்தது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த விளையாட்டுகளைத் தனியார் சேனல் வாங்கியிருந்தாலும் அதன் ஒளிபரப்பைத் தூர்தர்ஷனுக்குக் கொடுக்க வேண்டும், விளம்பர வருமானத்தில் தனியாருக்கு 75, பிரசார் பாரதிக்கு 25 என்று. இந்திய ஆண்கள் அணி ஆடும் ஒருநாள், டி20 ஆட்டங்கள் அதில் உண்டு. ஆனால் அந்தப் படம் கேபிளில் வரும் தூர்தர்ஷன் சேனலிலும் ஓடினால் நாங்கள் காசு கொடுத்து வாங்கியதற்கு என்ன அர்த்தம் என்று உரிமை வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. தூர்தர்ஷனின் சொந்த ஆண்டெனா ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும் காட்டலாம், கேபிள் வழியே போகும் தூர்தர்ஷனில் காட்டக் கூடாது.

நீதிமன்றம் சட்ட வார்த்தையைப் பிடித்துச் சொன்னது, சரிதான். விளைவைப் பாருங்கள். மாதாமாதம் காசு கட்டிக் கேபிள் வைத்திருப்பவருக்கு, விளையாட்டு சேனலுக்குத் தனியாகக் கட்டாவிட்டால் இந்தியா ஆடும் ஆட்டம் கிடையாது. ஒரு தடவை டிஷ் வாங்கி வைத்தவருக்கு அதே ஆட்டம் சும்மா. ஊரில் ஒரு கடை வாசலில் டிஷ்ஷைப் பார்த்து "எதுக்குத் தம்பி இது, தமிழ்ப் படமே வராதே" என்று கேட்டேன். "மேட்ச் வருதுண்ணே, அது போதும்" என்றான் பையன்.

யாராவது வைக்க நினைத்தால் ஒரு குறிப்பு. ஃப்ரீ டிஷ்ஷுக்கான ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்கே 93.5 பாகையில் நிற்கிறது. வாலிநோக்கத்திலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், கடல் பக்கமாக, அண்ணாந்து 70 பாகை உயரத்தில் இருக்கும். அந்தத் திசையில் தென்னை மட்டை மறைக்கக் கூடாது. உப்புக்காற்றில் இரும்புப் போல்ட் ஒரு வருஷம்கூடத் தாங்காது, எவர்சில்வர் போல்ட் போட்டுக்கொள்ளுங்கள். கனமழை கொட்டும்போது படம் உறைந்து நிற்கும், அது டிஷ்ஷின் குற்றமில்லை, அந்த அலைவரிசைக்கே மழை ஆகாது. அந்த நேரத்துக்குப் பேட்டரி ரேடியோ ஒன்று வீட்டில் இருக்கட்டும். தூத்துக்குடி வானொலியின் 1053 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலைக்கு 200 கிலோவாட் பலம், மழையைப் பார்த்து அது நிற்காது. பேட்டரியை மட்டும் செப்டம்பரிலேயே வாங்கி வைத்துவிடுங்கள், புயல் அறிவித்த பிறகு சாயல்குடிக் கடைகளில் கிடைக்காது.